இரண்டு நோட்டு, ஒரு கைநாட்டு

வருசா வருசம் ஏப்ரல் முதல் வாரத்துல எனக்கு ஒரு போன் வரும். அக்கா மகன். ஜெயங்கொண்டம் பக்கத்துல சின்னதா ஒரு ரைஸ் மில் வச்சிருக்கான். எட்டு பேர் வேலை பாக்கறாங்க. "மாமா, இந்த வருசம் டி.ஏ. எவ்வளவு ஏத்திட்டாங்க? நான் என்ன பண்ணணும்?" என்பான். நல்லா இருக்கீங்களா, அத்தை நல்லா இருக்காங்களா எல்லாம் அதுக்கப்புறம்தான்.

பதில் சொல்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் என்பது ரெண்டு துண்டு. ஒன்று அடிப்படைச் சம்பளம். அதை அரசு சில வருசத்துக்கு ஒருமுறை, தொழில்வாரியாக அரசாணை போட்டு மாற்றும். இன்னொன்று பஞ்சப்படி. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண் முந்தின வருசம் சராசரியாக எங்கே நின்றதோ அதைப் பிடித்து, ஏப்ரல் 1 முதல் மாறும். (ஜெயங்கொண்டத்துல கத்திரிக்கா விலை ஏறினா கணக்குல வராது. மெட்ராஸ்ல ஏறணும்.) முதலாளி புது டி.ஏ.வைச் சேர்த்துச் சம்பளம் போடணும். ஓவர்டைம்னா ரெட்டிப்பு. வாரம் ஒரு நாள் லீவு. எல்லாத்தையும் பதிவேட்டில் எழுதணும், சம்பளச் சீட்டு கொடுக்கணும், ரேட்டை எல்லார் கண்ணிலும் படற இடத்துல ஒட்டணும். ஏற்கெனவே கூடக் குடுத்துக்கிட்டிருந்தா, அதைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கடகடன்னு சொல்லிட்டு போனை வச்சிடுவேன். வச்சப்புறம்தான் ஒரு மாதிரி இருக்கும். ஏன்னா, இதே விஷயத்துல கள்ளக்கணக்கு எழுதின ஆளு நான்.

முறைக்காதீங்க. முழுசாச் சொல்லிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

1997. பி.காம். முடிச்சுட்டு வேலை தேடித் தேடி செருப்பு தேஞ்ச காலம். பெரம்பலூர் பக்கம் ஒரு ஜல்லி கிரஷர்ல கணக்கெழுத ஆள் வேணும்னாங்க. பேரெல்லாம் வேண்டாம், இப்ப அந்தக் கிரஷரும் இல்லை. மிஷின் ஒரு பக்கம் ஓடும், இன்னொரு பக்கம் மரத்தடியில, கீத்துத் தடுப்புக்குப் பின்னால ஆணும் பொண்ணுமா உக்காந்து சுத்தியலால கல்லு ஒடைப்பாங்க. அவங்களுக்குக் கூலி நாள் கணக்கு இல்லை, ஒடைச்ச அளவுக்கு.

என்கிட்ட ரெண்டு நோட்டு இருந்துச்சு. ஒண்ணு சாதா குயர் நோட்டு. யார் எவ்வளவு ஒடைச்சாங்க, எவ்வளவு குடுத்தோம், முன்பணத்துல எவ்வளவு பிடிச்சோம்னு நிஜம் எல்லாம் அதுல. இன்னொண்ணு கோடு போட்டு அச்சடிச்ச பெரிய ரிஜிஸ்டர். அதுல ஒரு எழுத்துகூட கிடையாது. ஒருநாள் சாயந்திரம் முதலாளி வந்து, "நாளன்னைக்கு லேபர்ல இருந்து வராங்க தம்பி, நோட்டை முடிச்சிரு"ன்னார். அரசு ரேட் எழுதின ஒரு தாளையும் நீட்டினார். அதை அவர் பத்திரமா பீரோவுல வச்சிருந்தது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

ஒரே ராத்திரியில ஆறு மாசத்து ரிஜிஸ்டர் எழுதினேன். ஒரே மையா இருந்தா சந்தேகம் வரும்னு மூணு பேனா. நடுவுல நாலஞ்சு ஆப்சென்ட், ஒரு அடித்தல், பக்கத்துல சுருக்கொப்பம். காலையில ஸ்டாம்ப் பேடை எடுத்துக்கிட்டு மரத்தடிக்குப் போனேன். எல்லாரும் கேள்வி கேக்காம விரலை நீட்டினாங்க. ஒரு அக்கா மட்டும் விரலை மை மேல வச்சுக்கிட்டே கேட்டாங்க: "தம்பி, இதுல எனக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"வாங்கினதுதான்க்கா" என்றேன்.

வந்த அதிகாரி புரட்டினார், கூட்டிப் பார்த்தார், சரியா இருந்துச்சு. இருக்காதா பின்ன, பி.காம். ஆச்சே.

கூலி வரலாறுன்னா நாம பொதுவா ரேட்டைத்தான் பேசுவோம். எந்த வருசம் எவ்வளவு ஏறிச்சு, எந்த ஆட்சியில ஏறிச்சு. ஆனா அந்த அக்கா ரேட்டைக் கேட்கலை, என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

காகிதம் வருவதற்கு முன்னால் மரக்கால் இருந்தது. அரியலூர், உடையார்பாளையம் எல்லாம் ஜமீன் பூமி. கொள்ளிடக்கரை ஓரம் நெல், உள்ளே வந்தால் கம்பு, வரகு, சோளம். கூலியும் அதிலேயே. களத்தில் அளந்து போடுவார்கள். என் தாத்தா சொல்வார், "வாங்குற மரக்கா வேற, போடுற மரக்கா வேறடா" என்று. அந்தக் காலத்து ரெட்டை நோட்டு. கூலி ஏறினாலும் மரக்கால் குறைந்தால் ஏறியது எங்கே போச்சு?

சட்டம் போட்டுக் கூலியை நிர்ணயிக்கிற யோசனை வெளியே கொஞ்சம் முன்னாடியே கிளம்பிவிட்டது. நியூசிலாந்தில் 1894, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1896, பிரிட்டனில் 1909. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1928ல் இதற்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியாவில் 1946 ஏப்ரலில்தான் மசோதா. மத்திய சட்டசபையில் அதை வைத்தவர் அப்போது வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்பேத்கர். சுதந்திரத்துக்குப் பிறகு, ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, 1948 மார்ச் 15ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை உண்டு. முதல் பகுதியில் 12 வகைத் தொழில். கம்பளம் நெய்தல், அரிசி மில், பீடி, தோட்டம், எண்ணெய் மில், ரோடு போடுதல், தோல் பதனிடுதல் என்று போகிற அந்தப் பட்டியலில் 'கல் உடைத்தல்' இருக்கிறது. இரண்டாம் பகுதி விவசாயம். ஆக, எங்க கிரஷரும் அக்கா மகனோட மில்லும் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்ட தொழில் இல்லை. முதல் நாள்லயே பேர் இருந்துச்சு. யாரை நாடு ரொம்பக் கசக்கிப் பிழியுதுன்னு அந்த 12 வரி தெளிவாச் சொல்லுது.

அதே சட்டம் ரெண்டு காரியம் பண்ணுச்சு. கூலியைப் பணமாத்தான் தரணும், அரசு விதிவிலக்கு தந்தா மட்டும்தான் பொருளா தரலாம் என்றது 11வது பிரிவு. மரக்காலுக்கு விடை கொடுத்தாச்சு. பதிவேடு வைக்கணும், அறிவிப்பு ஒட்டணும் என்றது 18வது பிரிவு. மரக்கால் இருந்த இடத்துல நோட்டு வந்து உக்காந்துச்சு.

ஆனா ரேட்டை நிர்ணயிக்கறதே இழுத்துக்கிட்டுப் போச்சு. மாநிலங்களுக்குக் கொடுத்த கெடுவைத் தள்ளித் தள்ளி வைக்கச் சட்டத்தையே பலமுறை திருத்தினார்கள். விவசாயக் கூலிக்கு இங்கே வேறு பாதையில்தான் கதவு திறந்தது. 1952ல் ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, தஞ்சாவூர் மாவட்டத்துக்கு. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூர், வடக்கே நாங்க, அப்போ திருச்சி மாவட்டம். அந்தக் கரையில் செங்கொடிச் சங்கம் இருந்தது, சட்டம் வந்தது. அப்புறம் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தகராறு 44 உயிர்களைக் குடித்த பிறகு கணபதியா பிள்ளை கமிஷன், 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். அரைப்படி நெல் கூடக் கேட்டதுக்கு என்ன விலைன்னு நம்மாளுங்க யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். எங்க முதலாளி கெட்டவர் இல்லை (எல்லா முதலாளி பத்தியும் கணக்குப்பிள்ளைங்க இப்படித்தான் சொல்லுவாங்க!). அவர் அடிக்கடி சொல்ற ஒரு வாதம் உண்டு. "அவங்களே சம்மதிச்சுத்தானே தம்பி வராங்க. நான் யாரையும் கையப் பிடிச்சு இழுத்தாந்தனா?" அப்ப எனக்குப் பதில் தெரியாது. பதில் 1954லயே வந்துடுச்சு. அஜ்மீர் மாநிலத்தில் பிஜய் காட்டன் மில்ஸ் வழக்கு. மில் தொழிலாளிக்கு மாசம் 56 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. கட்டுப்படியாகாது என்று மில்லை மூடினார்கள். கொஞ்ச நாளில் வேலை போன தொழிலாளர்களில் பெரும்பாலானோர், "35 ரூபாய் போதும், வேலை குடுங்க" என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். கம்பெனி அதை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனது. அவர்களே சம்மதிக்கும்போது அரசுக்கு என்ன? தொழில் செய்யும் சுதந்திரம் என்ன ஆவது?

நீதிமன்றம் ஏற்கவில்லை. வறுமையாலும் கதியில்லாமையாலும் தருகிற சம்மதத்தை ஒரு வாதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிற நிலைப்பாட்டை எடுத்தது. சட்டத்தின் 25வது பிரிவே அதற்காக எழுதப்பட்டதுதான். குறைந்தபட்சத்துக்குக் கீழே வாங்கிக்கொள்கிறேன் என்று தொழிலாளியே ஒப்பந்தம் போட்டாலும் அது செல்லாது. எனக்கு இதைப் படிச்சப்ப அந்த மில் தொழிலாளிங்க நிலைமைதான் உறுத்துச்சு. சட்டம் அவங்க பக்கம், மூடின மில் கேட்டும் அவங்க பக்கம். மரத்தடியில கேள்வி கேக்காம விரல் நீட்டினவங்களுக்கும் அந்தக் கணக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் கேக்கலை.

சரி, குறைந்தபட்சம்னா எதுக்குக் குறைந்தபட்சம்? 1957ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு அளவுகோல் வைத்தது. ஒரு சம்பாத்தியத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஆளுக்கு 2700 கலோரி, நாலு பேர் குடும்பத்துக்கு வருசம் 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் வெளிச்சம் இத்யாதிக்கு 20 சதவீதம். இந்தக் கலோரிக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது அய்க்ராய்டு என்பவரின் பரிந்துரையை. அவர் 1935 முதல் 10 வருசம் நம்ம குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். பிறகு 1991ல், ரெப்டகாஸ் பிரெட் கம்பெனியின் மெட்ராஸ் தொழிற்சாலைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இதெல்லாம் போதாது, பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் இதற்கெல்லாம் 25 சதவீதம் சேர்க்கணும் என்றது. மெட்ராஸில் அந்தத் தீர்ப்பு வந்து ஆறு வருசம் கழித்துத்தான் நான் மூணு பேனாவோட உக்காந்திருந்தேன்.

இப்ப ரிஜிஸ்டர் விஷயத்துக்கு வருவோம். நான் என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி எழுதினேனே, அந்த வித்தைக்கு 1982ல் டெல்லியில பெரிய வழக்கே நடந்திருக்கு. ஏசியாட் விளையாட்டு. ஸ்டேடியம், மேம்பாலம், ஓட்டல் எல்லாம் அவசர அவசரமாக் கட்டறாங்க. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. கான்ட்ராக்டர்கள் அதைக் கொடுத்ததாகத்தான் கணக்கு. ஆனால் ஆள் பிடித்துக் கொண்டுவந்த ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8.25 கொடுத்தார்கள். பெண்களுக்கு 7 ரூபாய். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான யூனியன் எழுதிய கடிதத்தையே நீதிபதி பகவதி மனுவாக எடுத்துக்கொண்டார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு என்று தீர்ப்பு. பசியும் ஒரு கட்டாயம்தான் என்பது அதன் சாரம்.

கொத்தடிமை மாதிரி கட்டிப்போட்டு வேலை வாங்கினாத்தான் கட்டாய உழைப்புன்னு நான் நெனச்சிட்டிருந்தேன். கோடு போட்ட ரிஜிஸ்டர்ல, சுத்தமான கையெழுத்துல, கூட்டல் சரியாப் போட்டு அதை எழுத முடியும்னு தெரியாது.

ராஜஸ்தான்ல 90கள்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்காரங்க நேரா இந்த இடத்துலதான் கை வச்சாங்க. அரசு வேலையிலயே குறைந்தபட்சக் கூலி வரலை, ஏன்னு கேட்டா மஸ்டர் ரோல்ல வேற மாதிரி இருக்கு, காட்டுங்கன்னா ரகசியம்னாங்க. ஊர் நடுவுல கூட்டம் போட்டு மஸ்டர் ரோலை வாசிக்க வச்சாங்க. செத்தவன் பேருக்கெல்லாம் கூலி போயிருந்தது. 2005ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டங்களும் ஒரு வேர். அந்த அக்கா மரத்தடியில கேட்டதும் அதே கேள்விதான்.

எங்க ஊருப் பக்கம் இன்னொரு வேடிக்கை உண்டு. அரியலூர்ல மண்ணுக்கடியில சுண்ணாம்புக்கல், அதனால சுத்தி சிமெண்ட் ஆலைங்க. சுரங்கம்னா குறைந்தபட்ச ஊதியத்துக்கு மத்திய அரசு ரேட். அதோட டி.ஏ. ஏப்ரல், அக்டோபர்னு வருசத்துக்கு ரெண்டு தடவை மாறும். ரைஸ் மில்லும் கிரஷரும் மாநில அரசு ரேட், வருசத்துக்கு ஒரு தடவை. ஒரே வெயில், ஒரே புழுதி, ஒரே டீக்கடை, ரெண்டு அரசாங்கம். மாவட்டமும் அப்படித்தான். 1995ல் பெரம்பலூர் மாவட்டம், 2001ல் அரியலூர் தனி மாவட்டம், 2002ல் திரும்பச் சேர்த்தாச்சு, 2007ல் மறுபடி தனி. உக்காந்த இடத்தை விட்டு நகராமலே மாவட்டம் மாறினவங்க நாங்க :-) எந்த ஆபீசுல மனு குடுக்கணும்னு படிச்சவனுக்கே குழம்பும், கல்லு ஒடைக்கறவங்களுக்கு?

மனு குடுக்கறதுன்னதும் ஞாபகம் வருது. பழைய சட்டத்துல கூலி குறைஞ்சா ஆறு மாசத்துக்குள்ள கேட்கணும். கேட்டு ஜெயிச்சா குறைஞ்ச தொகையைப் போல பத்து மடங்கு வரைக்கும் நஷ்ட ஈடு வாங்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நோட்டுல சரியா இருந்தா என்னத்தைக் கேக்கறது? தண்டனை ஆறு மாசம் வரை ஜெயில் அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும். மத்தியச் சட்டத்துல அந்த 500 கடைசி வரைக்கும் 500தான். கூலிக்கு பஞ்சப்படி உண்டு, அபராதத்துக்குக் கிடையாது. முதலாளி டீச்செலவுக்கே அதுக்கு மேல ஆகும்.

அந்த அக்காவை மறுபடி பார்த்தது 2009ல், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுல. நூறு நாள் வேலை எங்க பக்கம் 2008ல வந்திருந்துச்சு. எனக்கு அடையாளம் தெரியலை. அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. "நீ கிரஷர்ல கணக்கு எழுதுன தம்பிதானே?" என்றபடி முந்தானையில இருந்து அட்டையை எடுத்தாங்க. "இதுல எனக்கு எத்தனை நாளு, எவ்வளவுன்னு போட்டிருக்கு, பாரு."

வரி வரியாப் படிச்சேன். ஒரு வாரம் வந்தப்ப நிறுத்தச் சொல்லி விரல் விட்டு எண்ணினாங்க. ஒரு நாள் குறையுது. "அன்னைக்கு மழைக்கு முந்தி வரப்பு போட்டமே, அதை எழுதல. நாளைக்குக் கேக்கறேன்" என்று அட்டையை மடிச்சு வச்சுக்கிட்டாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க, சண்டை போடற மாதிரி எல்லாம் இல்லை. 97ல நான் எழுதினதைச் சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பஸ் வந்துடுச்சு. (பஸ் வரலைன்னாலும் சொல்லியிருக்க மாட்டேன்.) அவங்க மனு குடுத்திருக்க வேண்டிய ஆறு மாசம் முடிஞ்சு பத்து வருசத்துக்கு மேல ஆயிருந்துச்சு.

இப்ப அந்தப் பழைய சட்டமே இல்லை. 2019ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்தபோது 1948ம் வருசத்துச் சட்டம் ரத்தாச்சு. முரண்படாத வரைக்கும் பழைய அரசாணை ரேட்டுகள் தொடரும். அட்டவணையில் பேர் இருக்கிற தொழிலுக்கு மட்டும்தான் என்கிற வரம்பு போச்சு. கேட்பதற்கான கெடு ஆறு மாசத்தில் இருந்து மூணு வருசம். குறைச்சுக் கொடுத்தா அபராதம் 50,000 ரூபாய் வரை. இன்ஸ்பெக்டருக்கு 'உதவியாளர்' என்று ஒரு வாலும் ஒட்டியிருக்காங்க, முன்கூட்டியே தெரிவிக்கிற மாதிரி ஆய்வு முறைகளும் வருது. அது எனக்குப் பிடிக்கலை. முன்கூட்டியே தெரிஞ்சா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும், மூணு பேனா போதும். ஆனா 59வது பிரிவு ஒண்ணு இருக்கு. கூலி வரலைன்னு ஒருத்தர் மனு கொடுத்தா, கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியோட பொறுப்பு.

இந்த ஏப்ரல்ல அக்கா மகன் போன் பண்ணினப்ப இதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப நோட்டு ஒழுங்கா இருந்தா நமக்குத்தான் நல்லதுன்னு சொல்லுங்க."

"நிஜமா இருந்தா நல்லது. ஒழுங்கா இருக்கறது வேற."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால மில் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் மெதுவாக் கேட்டான்: "மாமா, களத்துல நெல்லு காயப்போடற ரெண்டு அம்மாங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு மூட்டைக்கு இவ்வளவுன்னு குடுக்கறேன். அவங்க இதுல வர மாட்டாங்கதானே?"

"மூட்டைக் கணக்கு உன் வசதிக்குடா. நாள் ரேட்டுன்னு ஒண்ணு இருந்தா, நாள் முடிவுல அதுக்குக் குறையாம அவங்க கைக்கு வந்தாகணும். பழைய சட்டத்துலயும் அப்படித்தான், புதுசுலயும் அப்படித்தான்."

"அப்ப எட்டு இல்ல மாமா," என்றான், "பத்து பேரு."